ஈர எடை

எடைமேடையில் பதினோரு வருசம் நின்றவள் நான்.
அட்டைக்கட்டு வந்தால் அவிழ்க்கவே வேண்டாம்,
ஓரத்தில் உள்ளங்கையை வைத்தால் போதும்,
நடுவில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா
சொல்லிவிடுவேன்.
அதனாலோ என்னவோ
கோட்டாறு ஆபீசில் கூப்பிட்டு
பதினாலு கேள்வி உள்ள பேப்பரைத் தந்தார்கள்:
"பாட்டில் துகள் வாங்குற வெளிநாட்டுக்காரன் கேக்கான்,
நமக்குச் சரக்கு தாற குடோன்ல
அடிமை யாரும் உண்டுமான்னு.
இல்லைன்னு டிக் போட்டுட்டு வா."

திங்கள்சந்தைக்குப் பின்னால்
வாழைத்தோப்பு முடிகிற இடத்தில் தகர ஷெட்.
இடவப்பாதி மழை தகரத்தில் விழுந்து
பேச்சைப் பாதி தின்றது.
மூடி தனி, லேபிள் தனி, பாட்டில் தனி.
டயபருக்கும் உடைந்த ஊசிக்கும் பெயர் இல்லை,
ஒரு ஓரம் மட்டும்.
கையுறை இருந்தது. பிரிக்காத பாக்கெட்டில்,
ஆபீஸ் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில்.

மங்ரா ஒராவோன். செவ்வாய்க்கிழமை பிறந்தவனாம்.
லீவு எந்தக் கிழமை என்று கேட்டேன்.
மொழி சொல்ல முதலாளியின் மருமகன்.
மங்ரா நாலு வரி பேசினான்,
மூன்றாவது வரியில் கை நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது.
மருமகன் ஒரே வரியாக அமுக்கிக் கட்டினான்:
"சந்தோசமா இருக்கானாம்."

பேல் கட்டுகிற எந்திரம்கூட
அவ்வளவு சின்னதாய் அமுக்காது.

பேப்பரில் இல்லாததைக் கேட்டேன்,
"கடல் பாத்தியா?"
மணவாளக்குறிச்சிக்கு பஸ்ஸில் இருபது நிமிசம்.
அவன் வந்து இரண்டு வருசம் ஏழு மாசம்.
மருமகன் இதை மொழிபெயர்க்கவில்லை.
கடல் என்ற சொல் மங்ராவுக்குத் தெரிந்திருந்தது.
இல்லை என்று தலையாட்டினான்.

ஜெசிந்தா சிஸ்டருக்கு போன் போட்டேன்.
ராஞ்சி ஆஸ்பத்திரியில் பதினேழு வருசம் நர்ஸ்,
இப்போது காரங்காட்டில் முயல் வளர்க்கிறார்.
மறுநாள் கூட வந்தார். மருமகனை டீ வாங்க அனுப்பினோம்.
அன்றைக்கு நாலு வரியும் நாலு வரியாகவே வந்தது.

முன்பணம் பன்னிரண்டாயிரம்.
அதன்மேல் ரயில் டிக்கெட், அரிசி, காய்ச்சலுக்கு ஊசி,
படுக்கிற மூலைக்கு வாடகை,
எழும்ப முடியாத நாளுக்கு அபராதம்.
இப்போது முப்பத்தோராயிரம்.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
நடுவில் தண்ணீர்.

மேசை டிராயரில்
ஒற்றை ரப்பர் பேண்டில் ஒன்பது ஆதார் கார்டு.
"பத்திரத்துக்கு வச்சிருக்கேன்" என்றார் ஞானசிகாமணி.
பிறகு குரல் மாறியது:
"போன பங்குனில கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறச்சியளே,
அது யாருக்க வயித்துல இருந்து கொறையும்னு
எந்தப் பேப்பர்லயாவது கேட்டியளா?"

ரேட்டைக் குறைத்து எழுதியது என் கைதான்.

அவனை வெட்டிவிடு, வேற குடோன் பாரு
என்றார்கள் ஆபீசில்.
வெட்டினால் ஒரே ராத்திரியில் ஷெட் காலியாகும்,
ஆட்கள் வேறொரு தகரத்துக்கு அடியில் போய்ச் சேர்வார்கள்,
நம்முடைய பேப்பர் மட்டும் சுத்தமாகும்.
குப்பையை அடுத்த வார்டில் கொண்டு தட்டுவதற்கும்
இதற்கும் என்ன வித்தியாசம்?
சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன் போல,
கம்ப்யூட்டர் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

தக்கலை சப் கலெக்டர் ஆபீசுக்கு நாலு நடை.
அந்த ரெண்டு ரூபாயைத் திரும்பக் கூட்ட ஏழு வாரம்.
ஒண்ணேகால்தான் கூட்டினார்கள்.

கார்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.
மங்ரா தன் போட்டோவைக் கட்டைவிரலால் துடைத்தான்.
எந்த பஸ் என்று கேட்டான், தமிழில்.

ஏழு பேர் வாங்கினார்கள்.
சோம்ரா, திங்கள். புத்னி, புதன்.
செவ்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
நிற்க வேண்டியவர்கள்.
எங்கே என்றால் ஞானசிகாமணி கூரையைப் பார்க்கிறார்.

இன்று ஐந்தாவது நடை.
தக்கலை பஸ்ஸில் நிற்க இடமில்லை.
இரண்டு கார்டும் பைக்குள்.
பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.