சூடு போக ஓரிடம்

பாலக்கோட்டில் என் கடைப் பலகையில்
இன்னும் பழைய முதலாளியின் பெயர்தான்.
போன் பழுது பார்ப்பேன், சார்ஜர் விற்பேன்.
ஷட்டர் இறக்கிய பிறகு மேசையில் மிஞ்சுவது
சால்டரிங் புகையும்
நூற்று இருபது ரூபாய் டார்ச் ஒன்றும்.

இந்த வாரம் மும்முனைக் கரண்ட்
ராத்திரி ஒன்றரைக்கு.
மாதேசு தக்காளி லோடோடு கோலாரில்.
மோட்டார் போட நான்தான் போகணும்.
போன மாசம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்
ஒரு கட்டுவிரியன்.
இந்த டார்ச்சின் மஞ்சளில்
அதை ஒயர் என்று நினைத்து
ஒதுக்கப் போனேன்.

அதற்குத்தான் இந்த வேலை.
வெளிச்சப் பைத்தியம் என்கிறான் தீர்த்தகிரி.

பழைய எல்இடியைப் பிடுங்கினேன்,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.
புதியது மூன்று மடங்கு கரண்ட் குடிக்கும்.
குடித்ததில் ஒரு பங்குதான் வெளிச்சம்,
மிச்ச இரண்டு பங்கும் சூடு.
முதல் ராத்திரி
நாலு வீடு தள்ளித் தண்ணீர்த் தொட்டியில்
கம்பெனி பெயரைப் படித்தேன்.
நாலாம் நிமிஷம் டார்ச்சின் கழுத்து சுட்டது.
ஆறாம் நிமிஷம் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்தது.
ஒன்பதில் அணைந்தது,
சத்தமே இல்லாமல்.

எழுபது ரூபாய்.

சூட்டைக் குறை சொல்ல முடியாது.
அது வெளியே போக வழி கேட்டது.
குழாய் என்னவோ அலுமினியம்தான்;
எல்இடி உட்கார்ந்திருந்ததோ
பிளாஸ்டிக் வளையத்தில்.

தீர்த்தகிரி பக்கத்துக் கடையில் காயில் கட்டுகிறவன்.
எரிந்துபோன பேனலிலிருந்து
செம்புப் பட்டை ஒன்று கழற்றித் தந்தான்.
பதிலுக்கு டிஸ்பிளே கேட்டான்;
டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தேன்.
பட்டையை வட்டமாக வெட்டி
அரத்தால் ராவினேன்,
குழாயின் சுவரைச் சுற்றிலும் தொடும்வரை.
மயிரிழை இடைவெளி போதும்,
காற்று வந்து குடியேறிவிடும்.
நடுவே வெள்ளைப் பசை, ஓர் அரிசி அளவு.

பிறகு ரெசிஸ்டரை மாற்றிக்
கரண்டைக் கால்வாசி குறைத்தேன்.
வெளிச்சம் குறைந்தது தெரியவில்லை.
கண் அப்படித்தான்,
குறைந்ததைச் சீக்கிரம் மன்னித்துவிடும்.

இருபது நிமிஷம் எரிந்தது.
மேசையில் வைத்தால் சூடு ஏறியது,
கையில் எடுத்தால் இறங்கியது.
வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
செம்பு அலுமினியத்துக்குத் தந்ததை
அலுமினியம் எனக்குத் தந்துகொண்டிருந்தது.
நான் கணக்கில் எழுதாத தகடு,
என் உள்ளங்கை.

ஒன்றரை மணி. மார்கழி.
வரப்பில் இறங்கிப் பட்டனை அமுக்கினேன்.
எதிரே வெள்ளையாக ஒரு சுவர் எழுந்தது.
அத்தனை வெளிச்சமும் பனியில் மோதி
என் முகத்துக்கே திரும்பி வந்தது.
தக்காளிக் குச்சிகள் இல்லை. கிணறு இல்லை.
கிணறு எந்தப் பக்கம் என்பதும் இல்லை.

கையை முழங்காலுக்குக் கீழே இறக்கினேன்.
பனிக்கும் மண்ணுக்கும் நடுவே
ஒரு சாண் இடம் விட்டிருந்தது.
அதற்குள் வரப்பு, ஒரு தவளை,
என் செருப்பு.
காசைத் தொலைத்தவள் போலக்
குனிந்தே நடந்தேன்.

பெட்டியைக் குச்சியால் திறந்தேன்.
சிவப்பு, மஞ்சள், நீலம், ஒரு கறுப்பு.
கறுப்பை இன்னொரு தடவை பார்த்தேன்.
ஒயர்தான்.

நாற்பது நிமிஷம் ஓடியது.
பிறகு ஒரு பேஸ் போய் மோட்டார் நின்றது.
ஆறு சால் பாக்கி.
கரண்ட் திரும்புமா என்று வரப்பில் உட்கார்ந்தேன்.
டார்ச்சை அணைக்காமல்
இடது காதில் வைத்துக்கொண்டேன்,
அது வெதுவெதுத்ததும்
வலது காதில்.

பனிக்குள்ளிருந்து பக்கத்து நிலத்துக்காரர் குரல்:
"இந்நேரத்துல யாருகிட்டம்மா பேச்சு?"

பேசலைங்க, என்றேன்.
கேட்டுக்கிட்டிருக்கேன்.