உடம்பில் ஒட்டாதது

முதலில் விலா எலும்புகளை எண்ணினேன்.
பதினொன்று, என் பக்கம் மட்டும்.
மார்ச் மாதத்துச் சேற்றில், வேலிக் கம்பிக்கு அப்பால்
ஹெல்துரின் நாய் நின்றுகொண்டிருந்தது.
துயிஸ்க் என்று பெயர். எங்கள் மொழியில் பனிச்சூறை.
ஊதினால் சாய்ந்துவிடும் போலிருந்தது சூறை.

ஹீயுமா தீவில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.
படகுத்துறையில் கயிறு பிடிக்கிறவன் ஹெல்துர்.
மனைவி போனபின், எங்கே என்றும் கேட்கவில்லை,
ஒற்றை விளக்கு எரியும் வீடு.
ஆக, நானே முடிவுசெய்தேன்:
தனக்கே உலை வைக்காதவன்
நாய்க்கா வைத்துவிடப் போகிறான்?

அன்றிரவே தொடங்கியது என் தருமம்.
புகையூட்டிய தொத்திறைச்சியின் நுனிகள்,
சட்டியில் வழித்த பன்றிநெய்,
கோழித்தோல், ஞாயிறன்று கொஞ்சம் பாலாடை.
வேலிக்கு அடியில் கை நுழைய ஓர் இடம் உண்டு.
துயிஸ்க் மெல்லவில்லை, விழுங்கியது.
விழுங்கிவிட்டு என் கையுறையை மோந்தது,
மண்ணை நக்கியது,
நடுங்கும் பின்கால்களோடு திரும்பிப் போய்
சொல்லவே கூசுகிறது
தன் கழிவையே தின்றது.
பார்த்தாயா, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
எவ்வளவு பசி.

ஏப்ரலில் விலா பன்னிரண்டு.
இடுப்பெலும்பு இரண்டும் கோட்டு மாட்டும் முளைகள் போல.
நான் கொழுப்பைக் கூட்டினேன்.
பிறகு ஒரு புதன்கிழமை
மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசினேன்.
பெயர் சொல்லவில்லை.
குரலைக்கூடச் சற்று மாற்றிக்கொண்டேன்,
நூற்றிருபது பேர் உள்ள ஊரில்.

வந்தவர்கள் அவன் கொட்டகையைத் திறந்து பார்த்தார்களாம்.
மூட்டை மூட்டையாய்த் தீவனம்.
நாளைக்கு மூன்று வேளை, அளவுக் குவளை,
சுவரில் தேதி போட்டு எழுதிய எடை:
இருபத்தாறு. இருபத்து நாலரை. இருபத்து மூன்று.
அவன் கையெழுத்து கீழே போகப்போகச் சிறுத்திருந்ததாம்.

கேர்ட்லாவில் மருத்துவர் ஊர்வே ரத்தம் எடுத்தாள்.
கணையம் சுருங்கிப்போயிருக்கிறது, என்றாள்.
செரிக்கும் சாறு ஊறுவதில்லை.
எது தின்றாலும் வழிப்போக்கன்தான்,
வயிற்றில் தங்காமல் போய்விடும்.
நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி.
அதிலும் கொழுப்பு, அதுதான் எதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?
ஹெல்துரே வந்து சொன்னான்.
காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று
சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து
என் மேசை விரிப்பின் மேல் வைத்தான்.
சிவப்பு நூல், விரல் நீளம், நன்றாகக் கழுவியது.
தொத்திறைச்சி கட்ட இந்த ஊரில்
சிவப்பு நூல் வாங்குகிறவள் நான் ஒருத்தி.

கெட்டிலில் நீர் கொதித்து அடங்கியது.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

"வெள்ளிக்கிழமை இரவு எனக்குப் படகில் முறை" என்றான்.
"ஆறு மணிக்கு ஒரு வேளை வைக்கவேண்டும், லெய்டா.
பொடியைக் கலந்து, இருபது நிமிடம் ஊறவிட்டு.
அதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது,
அது எப்படிப் பார்த்தாலும்."

பன்றியின் கணையத்தை உலர்த்தி அரைத்த பொடியாம்.
ஒரு கரண்டி, தலை தட்டி.
வெதுவெதுப்பான நீர்.
துயிஸ்க் என் எதிரே உட்கார்ந்திருக்கிறது,
எச்சில் இழை தரைவரை.
என்னை அதற்குத் தெரியும்.
கேட்காமலே கொடுத்த கை இது.

பதினான்கு நிமிடம் ஆகிறது.
நான் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருக்கிறேன்.
எழுந்து போய் அதன் விலாவைத் தடவுகிறேன்.
ஒன்பதுவரை வந்து
விரல் எங்கோ தவறிவிடுகிறது.
மறுபடி முதலிலிருந்து.