மணி நாலு

கம்பெனி துப்பாக்கி தரும்.
தோட்டாவை எண்ணித் தரும், கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.
உறை மட்டும் உன் பாடு.

எனக்கு முன்னால் வேலை பார்த்த ஜெகதீசன்
விட்டுப்போன உறையில் ஒன்பது மாதம் ஓட்டினேன்.
அவன் வியர்வை, அவன் அகலம்.
என் வலது எலும்பின் மேல் குடியிருந்து
வாடகையாக ஒரு கறுப்புத் தழும்பு தந்தது.

இடுப்பு ஒரு கடிகாரம் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
தொப்புள் பன்னிரண்டு, எலும்பு மூன்று, தண்டுவடம் ஆறு.
ஒன்றில் வைத்தால் குனிய முடியாது;
முதலாளியம்மா நகைக்கடை வாசலில் செருப்பைத் தேடும்போது
குனிகிறவள் நான்தான்.
மூன்றில் வைத்தால் சட்டைக்குள் இன்னொரு முழங்கை முளைக்கும்.
ஐந்தில் வைத்தால்
பினாங்கு வீதியிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை
காடி இருக்கையோடு சேர்ந்துகொண்டு
முதுகெலும்போடு வழக்காடும்.

மீதி, நாலு.

பையனின் பள்ளிப் பேருந்து போக
இந்த மாதம் கையில் நின்றது நூற்றிருபது வெள்ளி.

சூலியா வீதியில் சீருடை விற்கும் ஊய்
யாருக்கு, வீட்டுக்காரருக்கா என்று மலாயில் கேட்டார்.
உரிமத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.
படித்துவிட்டு
மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

நைலான், முப்பத்தைந்து.
உருவியதும் வாய் மூடிக்கொள்கிறது,
திரும்பச் செருக இரண்டு கை கேட்கிறது.
என் ஒரு கை எப்போதும் முதலாளியம்மாவின் முழங்கையில்.
வயிற்றைச் சுற்றும் எலாஸ்டிக், அறுபது.
இந்த ஊர் வெயிலில் பதினொரு மணிக்கே
இட்லித் துணி ஆகிவிடும்.
இத்தாலித் தோல், நானூற்றுப் பத்து.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கமும் அதே விலை.
தோல் மட்டும் நல்ல வாசனை.

கடைசியாக ஒரு கெட்டிப் பிளாஸ்டிக், தொண்ணூற்றெட்டு.
விசையை முழுக்க மூடியிருந்தது, நகம்கூட நுழையவில்லை.
தலைகீழாக உதறினாலும் விழாது என்று
ஊய் தன் மாதிரித் துப்பாக்கியை வைத்து உதறிக் காட்டினார்,
மேசைமேல் இருந்த தேநீர் கொட்டியது.
விளிம்பு மட்டும் கத்தி.
உப்புத்தாள் வாங்கிக்கொள், நாலு வெள்ளி, என்றார்.

சாயங்காலம் ஏழுக்குத் துப்பாக்கி பெட்டகத்துக்குப் போய்விடும்.
வீட்டில் போட்டுப் பழக ஒரு மரக்கட்டை செதுக்கி
அதில் தூண்டில் ஈயம் அடைத்தேன்.
காய்கறிக்கடை முத்துமாலை
வெங்காயத் தராசில் அதை நிறுத்தார்:
எழுநூற்றிருபது கிராம்.
என்ன காய் இது என்று கேட்கவில்லை.

அதோடு துணி துவைத்தேன்.
கேஸ் சிலிண்டரை உருட்டினேன்.
சம்மணமிட்டுச் சாப்பிட்டேன், மறுசோறும் போட்டுக்கொண்டேன்.
சிரித்தும் பார்த்தேன்,
சிரித்தால் எவ்வளவு இடம் தேவை என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.
இடைவார் இரண்டு ஓட்டை தள்ளிப் போனது.

பெண்கள் கழிப்பறையில்தான் உண்மையான பரீட்சை.
கதவுக் கொக்கியில் மாட்டக்கூடாது, தொட்டிமேல் வைக்கக்கூடாது.
கால்சட்டை இறங்கும்போது
உறையோடு உள்ளங்காலுக்கிடையில் இறங்கி
அங்கேயே நிற்க வேண்டும், பூனைக்குட்டி மாதிரி.
அடுத்த அறையிலிருந்து முதலாளியம்மா
தாள் இருக்கா தேன்மலர் என்கிறார்.
தடுப்புக்குக் கீழே நீட்டுகிறேன்,
இடது கையால்.

ஒரு முறைகூட உருவியதில்லை.
பத்து வெள்ளி கேட்டு ஓடிவந்த குடிகாரனிடம்
பத்து வெள்ளி கொடுத்தேன்.
கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் தழும்பு வெளுத்துவிட்டது.
பெர்ரியில் இரவு முறை முடித்து வரும் குணாளனுக்கு
இன்னும் தெரியாது.
தூக்கத்தில் அவன் கை
ஒன்று, இரண்டு என்று வந்து
மூன்றில் தொடாமல் தாண்டி
நாலில் இறங்குகிறது.
அங்கே ஒன்றும் இல்லை.
பெட்டகத்தில் இருக்கிறது.