இரவு ஷிப்டுக்கு ஒரு சீட்டு

வெண்டெல்,
ஸ்டென்சிலைத் துடைத்துவிட்டேன். நம்பாதே.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்:
மூன்றாம் வரிசையில் ஏழு துளைகள்
இன்னும் கண் திறக்கவில்லை.
ஈயம் போய் இருபது வருஷமாகிறது,
நாம் இன்னும் ஈயப்பசை என்றுதான் சொல்கிறோம்.
அது காய்ந்தால் எந்தப் பெயருக்கும் அசையாது.

காகிதத்தால் தேய்க்காதே. நார் உதிரும்.
தலைமயிரைவிட மெல்லிய நார்,
துளைக்குள் குறுக்கே படுத்துக்கொண்டால்
நாள் முழுக்க ஒரு கால் பசையில்லாமல் போகும்.
தொட்டியின் சூட்டை நாற்பதுக்கு மேல் ஏற்றாதே.
தகடு தாங்கும்,
தகட்டைச் சட்டத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும் கோந்து தாங்காது.
போன மாசியில் ஒன்று தொய்ந்துபோய்
அச்சடித்த ஒவ்வொரு காலும்
பக்கத்துக் காலோடு கைகோத்து நின்றது, ஞாபகம் இருக்கும்.

இனி அந்த நாற்பத்தொரு போர்டுகள்.
செகெட் நகரத்திலிருந்து திரும்பியவை. ட்ராம் கதவுக்கானவை.
மூடுபனி விடிகாலையில்
பெட்டிக்குள் ஈரம் கோத்ததும்
ஆளில்லாத நிறுத்தத்தில் கதவு தானாகத் திறந்ததாம்.
யாரும் ஏறவில்லை.
மூடிக்கொண்டதாம்.
ஓட்டுநர் எழுதிய புகாரில் ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை.

கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னேன்.
ராத்திரியில்தான் அவசர அவசரமாகக் கழுவுகிறார்கள் என்றேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நீ தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

நேற்று ஒன்றை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன்.
இரண்டு கால்களுக்கு நடுவே வெள்ளைப் படலம்,
அதன்மேல் பெரணி இலைபோல உலோகம் முளைத்திருந்தது,
நரம்பு நரம்பாக, பக்கத்துக் காலைத் தேடி.
அழகாக இருந்தது. வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

கழுவத் தேவையில்லாத ஃப்ளக்ஸ்தானே நம்முடையது?
தொடாமல் விட்டால்
தன் புளிப்பைப் பிசினுக்குள் தானே பூட்டிக்கொண்டு
சும்மா கிடக்கும்.
படலம் இருந்ததோ கனெக்டரைச் சுற்றி மட்டும்.
கனெக்டர் ஏற்றுவது பகலில். கையால்.
என் மேசையில்.

வாங்குகிறவர் பளபளப்பு கேட்டார்.
ஐசோப்ரொப்பைலில் பிரஷை முக்கி
நாலு இழுப்பு இழுத்தேன், மின்னியது, அனுப்பினேன்.
இனம் இனத்தோடே:
பிசின் ஆல்கஹாலோடு போய்விட்டது.
உப்பு போகவில்லை, அதற்குத் தண்ணீர்தான் சொந்தம்.
வீட்டைக் கழுவுகிறேன் என்று
பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அலமாரியில் இன்னும் நூற்றுப் பதினாறு போர்டுகள்
அதே மினுக்கத்தோடு.
இன்றிரவு முழுக்கக் கழுவிவிடு.
முதலில் காரக் கரைசல், வெதுவெதுப்பாக.
பிறகு அயனி நீக்கிய தண்ணீர்,
மீட்டரின் முள் அடங்கும்வரை, அடங்கியபின் இன்னொரு தடவை.
சிப்புகளுக்கு அடியில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும்,
அடுப்பில் இரண்டு மணி நேரம் வை.
அல்ட்ராசோனிக்கைப் போடாதே,
அந்த வெள்ளி டப்பாவுக்குள் படிகம் இருக்கிறது,
அதிர்ச்சி தாங்காமல் சத்தமின்றி விரியும்,
வெளியே ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்.
எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.
பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும்
மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்.

— இல்டிகோ

பின்குறிப்பு:
ஃப்ரிட்ஜில் லேபிள் இல்லாத பாட்டில்
என் மைத்துனன் வடித்த ப்ளம் பாலிங்கா.
அது கரைப்பான் இல்லை.
போன வாரம் யாரோ அதை ஊற்றி ஸ்டென்சிலைத் துடைத்திருக்கிறார்கள்.
மூன்றாம் வரிசை
அன்றைக்குத்தான் சரியாக இருந்தது.