வாளிப்பிடி

காலை நீட்டுங்கள் என்றேன்.
நீளவில்லை.
முப்பது டிகிரியில் நின்றுவிட்டது,
துருப்பிடித்த கீல் போல
என்று எழுதவந்து நிறுத்துகிறேன்.
கீல் இல்லை அது.
கீலுக்குத் திறக்கவும் மூடவும்தான் தெரியும்.
முழங்கால் மடங்கும், கூடவே உருளும், வழுக்கும்,
முழுக்க நீளும்போது கடைசியில் ஒரு சுண்டு திரும்பித்
தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.
அந்தப் பூட்டை நம்பித்தான்
விமான நிலைய வரிசைகளில் நிற்கிறோம் எல்லோரும்.

இவருக்குப் பூட்டு வேறு.

ஃபர்வானியா, மஃரிப் முடிந்து அரை மணி.
சம்சு கனி, நாற்பத்தொன்று,
கடையநல்லூர், டைல்ஸ் வேலை.
பெல்ட், சாவி, சிவில் ஐடி, இரண்டு நூறு ஃபில்ஸ் காசு
என் தட்டில்.
காந்தம் இழுக்கிற மாதிரி
உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா?
கொஞ்சம் யோசித்தார்.
"கடன்தான் இருக்கு சிஸ்டர்."

முட்டித் தோல் மட்டும்
வேறு யாரிடமோ வாங்கிப் போட்டது போல,
தடித்து, கறுத்து,
மடிப்புக்குள் மடிப்பாக வெள்ளைச் சிமெண்ட்.
சில்லுக்கு முன்னால் ஒரு சின்ன நீர்ப்பை
எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு,
இருப்பதே தெரியாது.
மண்டியிட்டுப் பிழைப்பவருக்கு அது வீங்கித்
தன் இருப்பைச் சொல்லும்.
பதினாறு வருட வீக்கம் அது, அதற்காக அவர் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை, பசை வாளியோடு எழுந்து
பக்கவாட்டில் திரும்பியிருக்கிறார்.
உள்ளே டக் என்றதாம்.

'வேலையில் ஏற்பட்ட காயமா?'
படிவத்தில் அந்தக் கட்டம் காலி.
கூட வந்த ஃபோர்மேன் தனிஸ்லாஸ்
கதவிடுக்கில் தலையை நீட்டினார்.
"வயசானா முட்டி தேயத்தான் செய்யும் மேடம்.
வாளிக்கும் அதுக்கும் என்ன இருக்கு?
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டாப்புல."

முழங்காலின் முடிச்சுகளைப் பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
பக்கத்துக்கு ஒரு நாண்,
நடுவே பெருக்கல் குறியாக இரண்டு.
வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டில்
ஓடிவந்து சட்டென நின்று திரும்பிய பையன்கள்
முன்னதை அறுத்துக்கொண்டு வருவார்கள்,
சனிக்கிழமை காலை,
ஆளுக்கு ஒரு பந்து அளவு வீக்கத்தோடு.
"சத்தம் எனக்கே கேட்டுச்சுக்கா."

சம்சு கனியின் நாண்கள் நான்கும் நன்றாயிருக்கின்றன.
முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து
அசையாதீர்கள் என்றேன்.
இருபத்து மூன்று நிமிடம்
யாரோ தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
அவர் அசையவில்லை.

தொடை எலும்பின் இரு குமிழ்களும்
நேராகக் கீழெலும்பில் உட்காருவதில்லை.
இடையே இரண்டு பிறைகள், மெத்தென்று,
உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.
பிறையின் வெளி ஓரத்தில் ரத்தம் ஓடும்;
அங்கே கிழிந்தால் கூடினாலும் கூடும்.
உள் ஓரம் வறண்ட நிலம்.
திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன்.
உள்பக்கப் பிறை இருக்கவேண்டிய இடத்தில்
பாதிதான் இருந்தது.
மீதி நீளவாக்கில் பிரிந்து, நடுவில் கவிழ்ந்து,
பின் நாணுக்கு அடியில்
இன்னொரு நாண் மாதிரி கிடந்தது.
கால் நீளாததற்குக் காரணம் அதுதான்,
கதவுக்குள் செருப்பு மாட்டிக்கொண்டது போல.

இந்தக் கிழிசலுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு.
வாளிப்பிடி.
நான் வைத்த பெயர் இல்லை தனிஸ்லாஸ்.

அறிக்கை எழுதுவது டாக்டர் ஹிஷாம்.
படத்தில் பார்த்ததை
நாங்கள் வாய் திறந்து சொல்லக்கூடாது.

வெளியே இழுத்ததும், காதுப் பஞ்சைக்கூட எடுக்காமல்
சத்தமாகக் கேட்டார்:
"பிறை தெரிஞ்சிருச்சா சிஸ்டர்?"

எனக்குப் பின்னால் திரை அணையாமல் இருந்தது.
ஒரு நொடி தொண்டை அடைத்தது.
பிறகுதான் உறைத்தது,
ஊரே இன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது,
நாளை நோன்பா, நாளை மறுநாளா என்று.
"இன்னும் சொல்லலைண்ணே" என்றேன்.
எதற்குச் சொன்னாலும் பொய்யில்லை.

"தெரிஞ்சா இன்னிக்கே தராவீஹ்.
நாற்காலி போட்டுத்தான் தொழணும் போல."
காசை எண்ணிப் பையில் போட்டார்.
காலி கட்டத்தில் நான் எழுத எனக்கு உரிமையில்லை.
நோயாளி எழுதலாம் என்று
பேனாவை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.
செவ்வாய் என்று எழுதினார்.
வாளி என்றும்.

நொண்டிக்கொண்டே போனவர்
கதவருகே நின்று தரையைப் பார்த்தார்.
"இந்த மூலைக் கல்லு ரெண்டு மில்லி தூக்கி நிக்குது.
பாத்துப் போங்க சிஸ்டர், தட்டும்."

நான்கு வருடமாக
அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய்வருகிறேன்.