இரண்டாம் பாகம், அவலாஞ்சி

முதல் பாகத்தில் தப்பிய கொலைகாரனுக்கு
இந்த முறை பதினொன்றாம் நம்பர் பூட்ஸ்.
கால்களில் அல்ல, என் கைகளில்.
விடியுமுன் மண்டியிட்டு நகர்ந்து
சோலை விளிம்பின் ஈரத்தில் அழுத்தினேன்,
நாற்பத்திரண்டு தடம்.
ரத்தத்துக்கு பீட்ரூட்டும் கருப்பட்டிப் பாகும்.

மூடுபனி விலகக் காத்திருந்தது யூனிட்.
கேரவனுக்குள் துப்பறிபவர் வசனம் பார்த்தார்:
'ஆறடி உயரம். இடது கால் ஊனம்.
ஓடியிருக்கிறான்.'

டீ டம்ளரோடு வந்த வனக்காவலர் போஜன்
குனிந்து ஒரு தடத்தைத் தொட்டார்.
"இவன் ஓடலை தம்பி.
குதிகால்ல எடையே இல்லை.
பக்கத்துல முட்டி இழுத்த கோடு வேற.
ஏதோ வேண்டுதல் மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன்.
அவர் முப்பதாவது தடம்வரை கூட்டிப் போனார்.
என் பூட்ஸ் அச்சின் நடுவே
நான்கு விரல், நகம் பதியாமல்,
இன்னும் தண்ணீர் ஊறாத
ஒரு பாதம்.

"இது உங்க கதையில வருதா?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார்:
"உங்க தடமும் இதுவும் ஒரே வயசு."

முப்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
பத்து நிமிடம் இருக்கும்.
குனிந்த தலை நிமிராமல்
வேலையில் இருந்திருக்கிறேன்.

கீழே மெகாபோனில் யாரோ,
'சைலன்ஸ்.'