இற்றுப்போக ஒரு நூல்

பிப்ரவரியில் நண்டு பிடிக்கத் தடை.
தொலைந்த கூண்டுகளைப் பிடிக்கப் போகிறோம்.
நாள் கூலி, டீசல் காசு, மதியம் சூடாக ஒரு சூப்.
அனகோர்ட்டஸ் துறையில் இன்னும் விடியவில்லை.
படகுத் தளத்தில் உறைபனி; உப்புத் தூவி நடக்கிறோம்.

சோனார் திரையில் கடலடி
மங்கிய மஞ்சளாக ஓடுகிறது.
சேறு, சேறு, ஒரு மரத்துண்டு, சேறு.
பிறகு வட்டமாக ஒரு நிழல்.
பக்கத்தில் இன்னொன்று.
யாரோ வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு
எடுக்க மறந்துபோன மாதிரி.

"பதினொன்று" என்கிறாள் ரோலீன்,
முகமூடிக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தபடி.
ஸ்வினோமிஷ் பெண்.
என் தாத்தா க்ரோவேஷியாவிலிருந்து
ஒரு வலையோடும் இரண்டு கடனோடும் வந்திறங்கும் முன்பே
இந்தத் தண்ணீர் அவள் ஆட்களுடையது.
அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை.
வின்ச்சைப் பார்த்துக்கொள், வின்கோ, என்பாள்.
அவ்வளவுதான்.

எழுபதடி.
குமிழ்கள் வருகின்றன.
கயிறு இருமுறை வெட்டி இழுபடுகிறது.

முதல் கூண்டின் கதவு திறந்து கிடக்கிறது.
வாடகை தராத ஒரு நட்சத்திரமீன் குடியிருக்கிறது.
இரண்டாவது, வெறும் துரு.
மூன்றாவது கனக்கிறது.

உயிரோடு ஒன்பது நண்டுகள்.
மற்றதெல்லாம் ஓடு. ஓட்டுக்குள் ஓடு.
இரை வைக்க யாரும் வரவில்லை, தேவைப்படவுமில்லை.
செத்தது இரையாயிற்று.
தின்ன வந்தது மாட்டிற்று.
மாட்டியது செத்தது.
முதலாளி இல்லாமலே நடந்திருக்கிறது கடை.

ஒன்றுக்குக் கால்கள் மூன்றுதான் மிச்சம்.

மிதவை அறுந்திருந்தது. ஏதோ கப்பலின் விசிறி வெட்டியிருக்கும்.
கம்பியில் கட்டிய தகடு மட்டும் அப்படியே.
பாசியைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
முதலில் ஓர் ஏழு தெரிந்தது.
பிறகு என் பெயர்.

நான்கு வருடம் முந்தைய அக்டோபர்.
காற்று எழும் என்று வானொலி சொன்ன ராத்திரி,
நாற்பது கூண்டுகளுக்குக் கதவு கட்டிக்கொண்டிருந்தேன்.
சட்டம் கேட்பது பருத்தி நூல்.
கூண்டு தொலைந்தால் சில மாதத்தில் நூல் இற்றுப்போகும்,
கதவு தானே விழும்,
உள்ளிருப்பவை பக்கவாட்டில் நடந்து வீடு போகும்.
பாதி ராத்திரியில் பருத்தி தீர்ந்துவிட்டது.
மேசையில் பச்சை நைலான் இருந்தது.
ஒரு கூண்டுதானே என்றேன்.
அப்படி எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

கூட்டங்களில் நானும் கை தூக்கிப் பேசியவன்.
எங்கிருந்தோ மிதந்து வரும் பாட்டில்கள்,
ஊர் பேர் தெரியாத பைகள்,
உல்லாசப் படகுக்காரர்களின் திமிர்.
என் கூண்டுகளுக்கு மட்டும்
தனியாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்:
கடல் கொண்டுபோயிற்று.

ரோலீன் ஏறி வருகிறாள். உதடு நீலம்.
தகட்டைப் பார்க்கிறாள்.
என்னைப் பார்க்கிறாள்.
கத்தியை நீட்டுகிறாள், பிடி என் பக்கமாக.

நைலான் புத்தம்புதிதாக இருக்கிறது.
நான்கு வருட உப்பு அதன் பச்சையைக்கூடத் தொடவில்லை.
என் வாழ்நாளில் நான் போட்ட முடிச்சுகளில்
இதுவே நல்ல முடிச்சாக இருக்கவேண்டும்.
அறுக்க நேரமாகிறது.

ஒன்பதையும் ஒவ்வொன்றாக விட்டேன்.
எட்டாவது விரலைக் கவ்வியது.
உதறவில்லை.

பதிவுத்தாளில் 'உரிமையாளர்' என்றொரு கட்டம்.
மற்றப் பத்துக்கும் கோடு போட்டிருந்தாள்.
ஈரக் கையால் எழுதினேன், மை பரவியது,
படிக்க முடிகிறதா என்று கேட்டேன்.
முடிகிறது என்றாள்.
அந்த அக்டோபரில் திரும்பி வராதவை ஆறு.
ஐந்து இன்னும் கீழே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

மாலையில் துறைமுகக் கடைக்குப் போய்
பருத்தி நூல் கேட்டேன், பத்துக் கண்டு.
இதைவிடக் கெட்டியானது வந்திருக்கிறது,
பத்து வருடம் உழைக்கும், விலையும் குறைவு, என்றார் கடைக்காரர்.

விரலில் ரத்தம் காய்ந்திருந்தது.
இதுவே போதும் என்றேன்.